எங்கள் மருத்துவர் சங்கமும் முருங்கன் சந்தியும்

எங்கள் மருத்துவர் சங்கம் சம்பளத்துக்காகவோ இடமாற்றத்துக்காகவோ தொடங்கப்பட்டதல்ல. ஒரு டொக்டரின் தாடை எலும்பு உடைந்ததால் தொடங்கப்பட்டது. இந்த விஷயம் இன்று சங்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் இந்த ஊரில் எஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான்.

இந்த வருடத்து ஆண்டுக் கூட்டத்துக்குப் போதிய உறுப்பினர் வரவில்லை. நான் போயிருந்தேன், ஆனால் ஓய்வு பெற்றவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து சிலர் தொலைபேசித் திரையில் முகம் காட்டினார்கள். அவர்களையும் சேர்க்க முடியாது. சங்கத்தின் யாப்பு விதிகளில் சொன்னபடி அரை மணித்தியாலம் காத்திருந்தோம். பிறகு கதிரைகளை அடுக்கி வைத்தோம். செயலாளர் டொக்டர் தர்ஷினி என்னை வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்தார்.

"மடம், அடுத்த வருசம் கூட்டம் நடக்குமோ தெரியாது. இது எப்பிடித் தொடங்கினது எண்டாவது நீங்கள் எழுதித் தாங்கோ."

"நான் எழுதினா ஆண்டு மலரில போடுற மாதிரி இராது, பிள்ளை."

"இல்லாட்டிலும் பரவாயில்லை, மடம்."

அதனால் எழுதுகிறேன்.

நான் மன்னார்த் தீவிலுள்ள தாழ்வுபாட்டில் பிறந்தவள். யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்தேன். பல்கலைக்கழகம் மூடுவதும் திறப்பதுமாக இருந்த காலம். படிப்பு எப்போது முடியும் என்று கேட்பதை வீட்டார் ஒருகட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். மண்ணெண்ணெய் விளக்கில் படித்தோம், சோதனை எழுதினோம், பாதிப்பேர் கடல் கடந்தார்கள். மன்னாருக்கு நியமனம் கேட்டபோது கந்தோரில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களாவே கேக்கிறீங்களோ?" என்றார். அந்த வருடம் மன்னாரைக் கேட்டவர் வேறு எவரும் இல்லை.

அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் டொக்டர் அருமைநாயகம். வைத்திய நிபுணர். மெலிந்த ஆள். வெள்ளை அரைக்கைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் தவிர வேறு உடுப்பில் நான் அவரைப் பார்த்ததில்லை. ஏச மாட்டார். ஏசினால் நல்லது என்று நாங்கள் நினைக்கும்படி பேசாமல் நிற்பார். வாட் சுற்றும்போது, "ஏழாம் கட்டில், சேர், காய்ச்சல்" என்று சொன்னால் அவர் அடுத்த அடி வைக்க மாட்டார். அந்த ஆளின் பெயரைச் சொல்லும்வரை கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். பெயர் தெரியாவிட்டால் நோயாளியிடமே கேட்டு, எங்களுக்கும் கேட்கும்படி ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் நகருவார்.

பாம்புக்கடிக்கு அவர் செய்யும் முறையைச் சொல்ல வேண்டும். நானாட்டான் பக்கத்து வயல்களிலிருந்து அறுவடைக் காலத்தில் கண்ணாடிப் புடையன் கடித்தவர்கள் வருவார்கள். அந்தப் பாம்பின் விஷம் இரத்தத்தை உறையவிடாது. உறைகிறதா என்று பார்க்கப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்று போதும். பிளாஸ்ரிக் குழாய் கூடாது. சவர்க்காரம் போட்டுக் கழுவியதும் கூடாது, அதில் நல்ல இரத்தமே உறையாமல் நின்று நம்மை ஏமாற்றும். நாளத்திலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்துக் குழாயில் விட்டு, ஒரு தாங்கியில் நிறுத்த வேண்டும். இருபது நிமிடம் தொடக்கூடாது. பிறகு ஒரேயொரு முறை சரிக்க வேண்டும். கட்டியாக நின்றால் நிம்மதி. தண்ணீர்போல ஓடினால் விஷமுறி மருந்து ஏற்ற வேண்டும்.

அருமைநாயகம் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் குழாயின் அருகே வைப்பார். ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்காருவார். எங்களையும் வேறு எங்கும் போக விடமாட்டார். ஒருநாள் நான் பொறுமையிழந்து குழாயை எடுக்கக் கை நீட்டினேன்.

"அது உங்கட அவசரத்துக்கு உறையாது," என்றார். "இருங்கோ. அந்த மனுசன் உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறார். அவரோட கதையுங்கோ."

சாவைச் சொல்வதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. நின்றுகொண்டு சொல்ல மாட்டார். குடும்பத்தாருக்கு இருக்க இடம் கொடுத்து, தானும் அவர்களுக்குச் சமமான உயரத்தில் இருந்து, இறந்தவரின் பெயரைச் சொல்லி, "இறந்திட்டார்" என்பார். 'கை கடந்துவிட்டது', 'எங்களால் முடிந்ததைச் செய்தோம்' என்ற சுற்றுப்பேச்சு எதுவும் இராது. பிறகு வாய் திறக்க மாட்டார். அவர்கள் எழும்பும்வரை எழும்ப மாட்டார். ஒருமுறை ஒரு தாய் மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை எழும்பவில்லை. அவரும் எழும்பவில்லை. வெளிநோயாளர் பிரிவை அன்று நான்தான் பார்த்தேன்.

சங்கம் தொடங்கிய கதைக்கு வருகிறேன். யுத்த காலம். ஆயுதம் ஏந்தியவர்கள் சிலர் காயப்பட்ட ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எந்தத் தரப்பு என்பது இங்கே தேவையில்லை. அன்று எங்கள் சத்திரசிகிச்சைக் கூடத்தில் இரத்தம் இருக்கவில்லை. அந்த ஆள் இறந்துவிட்டார். டொக்டர் சிவபாலன், என்னைவிட இளையவர், விறாந்தையில் நின்ற அவர்களிடம் தனியாகப் போய்ச் சொன்னார். சொல்லி முடிக்குமுன் ஒருவன் துவக்குப் பிடியால் அவர் முகத்தில் அடித்தான். தாடை இரண்டாக உடைந்தது. அதைக் கம்பியால் கட்டக்கூடிய நிபுணர் இங்கே இல்லை. அனுராதபுரத்துக்கு அனுப்ப அனுமதி எடுக்க மூன்று நாள் சென்றது. அவர் திரும்பி வரவேயில்லை.

மறுநாள் அருமைநாயகம் எங்களை ஆஸ்பத்திரித் தேநீர் அறைக்குக் கூப்பிட்டார். டொக்டர்மார் ஒரு மேசையைச் சுற்றி இருக்கக்கூடிய அளவுதான்.

"இனி ஒருதரும் தனியப் போய்ச் சாவு சொல்லக் கூடாது," என்றார். "ரெண்டு பேர் போவம். அடி விழுந்தா ரெண்டு பேருக்கும் விழட்டும்."

யாரோ, "இதுக்கு ஒரு சங்கம் மாதிரி ஒண்டு இருந்தா நல்லம், சேர்" என்றார்கள்.

"அப்ப இதுதான் சங்கம்," என்றார்.

அவ்வளவுதான் எங்கள் தொடக்க விழா. பெயர்ப்பலகை பிறகு வந்தது. யாப்பு அதற்கும் பிறகு வந்தது. கிராமத்து ஆஸ்பத்திரிகளை நடத்திய அப்போதிக்கரிமாரைச் சேர்ப்பதா என்று ஒரு தகராறு எழுந்தது. பட்டம் பெறாதவர்கள் என்று சிலர் மறுத்தார்கள். அருமைநாயகம், "நானாட்டான்ல பாம்பு கடிச்சவன் முதல்ல உங்களிட்ட வாறானோ, அவரிட்டப் போறானோ?" என்று கேட்டார். அதோடு முடிந்தது. அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் சைக்கிளில் வந்தார்கள்.

அந்தச் சங்கம் சண்டைக்காலம் முழுவதும் தாக்குப்பிடித்தது. விடுப்பில் போக வேண்டிய டொக்டருக்குப் பதில் ஆள் நிற்பது, மன்னார்த் தீவையும் கரையையும் இணைக்கும் பாலம் மூடியிருக்கும் நாட்களில் தீவுக்குள் இருக்கிறவர் தீவையும் கரையில் இருக்கிறவர் கரையையும் பார்ப்பது, இப்படித்தான் எங்கள் தீர்மானங்கள். யுத்தம் முடிந்த பிறகு ஆட்கள் கூடினார்கள். புதுக் கட்டடம் வந்தது, நிபுணர்கள் வந்தார்கள், ஆண்டு விருந்து வைத்தோம். அருமைநாயகம் ஓய்வு பெற்று, பிறகு ஒரு மாரிகாலத்தில் நித்திரையிலேயே போய்ச் சேர்ந்தார். அவரைப்பற்றிப் பேசியவர்கள் அவரது பட்டங்களைச் சொன்னார்கள். கதிரையை யாரும் சொல்லவில்லை.

நான் தலைவியானபோது செயலாளராக வந்தவர் டொக்டர் ரிஸ்வான். முசலிக் கரையோரத்துக் குடும்பம். முஸ்லிம்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது அவரது தாய் அவரைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு போனவர். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, படித்து, டொக்டராகி, வேறு இடம் கிடைத்தும் இங்கேயே கேட்டு வந்தார். அப்பா திருத்திக் கட்டிய வீட்டில் மனைவியோடு குடியிருந்தார். ஆள் சிரித்த முகம். நோயாளியின் பெயரை ஒருமுறை கேட்டால் மறக்க மாட்டார்.

பிறகு டொலர் இல்லாத காலம் வந்தது. டீசலுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் மருந்தை மட்டும் சொல்கிறேன். முதலில் இருமல் மருந்து இல்லாமல் போயிற்று, பரவாயில்லை என்றோம். பிறகு சில நுண்ணுயிர்க்கொல்லிகள். பிறகு சத்திரசிகிச்சைக்குத் தைக்கும் நூல். ஒருநாள் மருந்துக் களஞ்சியப் பொறுப்பாளர் என்னிடம் வந்து, விஷமுறி மருந்து ஒரு ஆளுக்குப் போதும், இரண்டாவது ஆளுக்குக் காணாது என்றார். கொழும்பில் கேட்டால் கப்பல் வரவேண்டும் என்றார்கள்.

அன்று பின்னேரமே சங்கத்தைக் கூட்டினேன். ரிஸ்வான் ஒரு யோசனை சொன்னார்.

"கிராமத்து ஆஸ்பத்திரியள் எல்லாத்துக்கும் இப்பவே சொல்லிப்போடுவம். பாம்புக்கடியை எங்களிட்ட அனுப்பவேணாம், முருங்கன் சந்தியால நேரே வவுனியாவுக்குத் திருப்புங்கோ எண்டு. அங்க மருந்து இருக்கு. நான் கேட்டிட்டன்."

இந்த இடத்தின் வரைபடம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வயல் பக்கத்திலிருந்து வரும் வீதி முருங்கனில் பெரிய வீதியில் ஏறும். அங்கே மேற்கே திரும்பினால் பாலம் தாண்டி மன்னார், எங்கள் ஆஸ்பத்திரி. கிழக்கே திரும்பினால் செட்டிகுளம் தாண்டி வவுனியா. மன்னார் கிட்ட, வவுனியா தூரம். அதனால் எல்லோரும் எப்போதும் மேற்கேதான் திரும்புவார்கள்.

சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் குணசீலன் எழுந்தார். கெட்ட மனிதரல்லர். அப்படி யாரும் வாசித்துவிடக் கூடாது.

"எங்களிட்ட மருந்து இல்லை எண்டு நாங்களே சொன்னா, நாளைக்கு நெஞ்சு நோகிறவனும் இங்க வரமாட்டான். வவுனியாவுக்குப் போற வழியில சாவான். அதை யோசிச்சீங்களோ?"

"நான் பாம்புக்கடியை மட்டுந்தான் சொல்றன், சேர்."

"சனம் அப்பிடிப் பிரிச்சுக் கேக்காது, தம்பி. அதோட நோயாளி போற பாதையை மாத்துறது எங்கட அதிகாரம் இல்லை. வழியில ஒரு ஆள் செத்தா, திருப்பச் சொன்னது ஆர் எண்டு கேப்பினம். எழுத்தில அனுமதி எடுப்பம். ஒரு கிழமை. அதுக்குள்ள ஒண்டும் ஆகாது."

நானும் ரிஸ்வான் பக்கம்தான் கை தூக்கினேன். ஆனால் மறுபக்கத்துக் கைகள்தான் அதிகம். குணசீலன் சொன்னதில் நியாயமும் இருந்தது. அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதுவது என்று தீர்மானமாயிற்று. ரிஸ்வான் அன்றே எழுதினார். நான் கையெழுத்து வைத்தேன்.

பதில் வருவதற்கு முன் அந்த நாள் வந்தது.

காலையில் அரிப்புக் கிராமத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். சமையல் வாயு கிடைக்காமல் எல்லா வீடுகளும் விறகுக்கு மாறியிருந்தன. பற்றைக்குள் விறகு பொறுக்கும்போது கடித்திருக்கிறது. செத்த பாம்பையும் ஒரு சாக்கில் கொண்டுவந்திருந்தார்கள். கண்ணாடிப் புடையன்தான். குழாயில் இரத்தம் உறையவில்லை. இருந்த குப்பிகள் எல்லாம் அவருக்கு ஏற்றப்பட்டன. அதுதான் அவருக்கு வேண்டிய அளவு, அதில் மிச்சம் பிடிக்க வழியில்லை. அவர் பிழைத்தார். பிறகு நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை.

மத்தியானம் பெருமாள் வந்தார். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். நானாட்டானுக்கு அப்பால் ஒரு குடியிருப்பில் வீடு. கூலி வேலை. அறுவடை இயந்திரங்களுக்கு டீசல் இல்லாததால் அந்தப் போகத்தில் மறுபடியும் கையால் வெட்டினார்கள். அதனால்தான் அவர் கையில் அரிவாளோடு வயலுக்குள் நின்றார். கணுக்காலில் கடி. கிராமத்து ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருந்தார்கள். காலை மட்டையில் கட்டி அசையாமல் வைத்து, கையில் ஊசி ஏற்றி, அம்புலன்ஸில் அனுப்பியிருந்தார்கள். எங்களிடம் அனுப்புமுன் தொலைபேசியில் கேட்க அவர்களுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. எத்தனையோ வருடமாக எங்களிடம்தான் அனுப்பினார்கள்.

ரிஸ்வான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போனபோது பெருமாளின் கண் இமைகள் பாதி மூடியிருந்தன. பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்தது. அதைத் தன் இடுப்புச் சாரத்தின் நுனியால் துடைத்துக்கொண்டே, "ஒன்னும் வலி பெருசா இல்லீங்க" என்றார். கட்டிலின் அருகே அவர் மனைவி லெட்சுமி நின்றார். அவர் கையிலும் வைக்கோல் தூசி. இருவரும் ஒரே வயலில் நின்றவர்கள்.

ரிஸ்வான் குழாயில் இரத்தத்தை விட்டுத் தாங்கியில் வைத்தார். இந்த முறை அருகில் இருக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. நான் வவுனியாவுக்குப் பேசினேன். மருந்து இருக்கிறது, அனுப்புங்கள் என்றார்கள். அம்புலன்ஸ் சாரதி அந்தோனி, வண்டித் தாங்கியில் உள்ள டீசல் வவுனியா வரை காணாது என்றார். குணசீலன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர். வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் நான் யன்னலால் பார்த்தபோது அவர் தன் ஜீப்பின் அருகே முழந்தாளில் இருந்து, ஒரு ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சி, டீசலைக் கானுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். சத்திரசிகிச்சைக்கு உடுக்கும் பச்சை உடுப்போடு.

ரிஸ்வான் குழாயைச் சரித்தார். ஓடியது.

"நானே போறன், மடம்," என்றார். "வழியில மூச்சு நிண்டிட்டா ஆரும் பக்கத்தில இருக்கோணும்."

அவர்கள் பாலத்தால் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நடந்ததை ரிஸ்வானும் அந்தோனியும் சொல்லித்தான் அறிந்தேன்.

லெட்சுமி முன் ஆசனத்தில், சாரதிக்குப் பக்கத்தில் இருந்தார். முருங்கன் சந்தி வந்தபோது அந்தக் கடைகளையும் பஸ் தரிப்பிடத்தையும் அடையாளம் கண்டார். திரும்பி, பின்புறத்துச் சின்ன யன்னலால் ரிஸ்வானைப் பார்த்து, "சார், நாம இங்கிருந்துதானே வந்தோம்?" என்றார். ரிஸ்வான் ஓம் என்றார். "அப்ப ஏன் சார் அங்கிட்டுப் போனோம்?" அந்த நேரம் பெருமாளின் மூச்சு மெலியத் தொடங்கியிருந்தது. ரிஸ்வான் தொண்டைக்குள் குழாயை இறக்கி, மூச்சுப் பையைக் கையால் அமத்தத் தொடங்கினார். மடுச் சந்தி தாண்டி, காடு தாண்டி அமத்திக்கொண்டே போனார். செட்டிகுளம் கழிந்து சிறிது தூரத்தில் இதயம் நின்றது. நெஞ்சை அழுத்தினார். அந்தோனி வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் ஏறி மூச்சுப் பையை அமத்தினார். பலிக்கவில்லை.

வீதியோரம் ஒரு மரத்தடி. ரிஸ்வான் லெட்சுமியை இறக்கி, அம்புலன்ஸ் படியில் இருத்தினார். தான் தரையில் இருந்தார். அந்தோனியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். அவர் டொக்டர் இல்லை, ஆனால் இரண்டாவது ஆள் வேண்டும்.

"அம்மா, பெருமாள் இறந்திட்டார்."

லெட்சுமி அழவில்லையாம். வீதியின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாராம்.

"இப்ப நாம எங்கிட்டுப் போகணும், சார்?"

அந்தக் கேள்விதான் தன்னை விழுத்தியது என்று ரிஸ்வான் பின்னாளில் என்னிடம் சொன்னார். எந்தப் பக்கம் திரும்பச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. உடலோடு வவுனியாவுக்குப் போவதா, திரும்பி வருவதா. கடைசியில் எனக்குத் தொலைபேசி எடுத்தார். மரண விசாரணை இங்கே நடக்கட்டும், குடும்பத்துக்குக் கிட்ட என்று நான் சொன்னேன். திரும்பினார்கள். முருங்கன் சந்தியை அந்தப் பெண் அன்று மூன்றாம் முறை கடந்தார்.

அடுத்த நாள் சங்கம் கூடியது. யாரும் கூப்பிடவில்லை. வேலை முடித்தவர்கள் தாமாகவே தேநீர் அறைக்கு வந்து இருந்தார்கள். ரிஸ்வான் யன்னல் பக்கம் நின்றார். குணசீலனுக்கு வாயில் டீசல் பட்டு உதடு புண்ணாகியிருந்தது.

"கடிதத்துக்குப் பதில் வந்ததோ?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன்.

அவர் தன் கைத்தொலைபேசியை எடுத்து, எல்லோரும் பார்த்திருக்க, ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார். "நான் குணசீலன் கதைக்கிறன். எங்களிட்டப் பாம்பு மருந்து இல்லை. வந்தா வவுனியாவுக்குத் திருப்புங்கோ. ஆர் சொன்னது எண்டு கேட்டா என்ர பேரைச் சொல்லுங்கோ." வைத்துவிட்டு அடுத்த இடத்தைக் கூப்பிட்டார். மற்றவர்கள் மிச்ச இடங்களைப் பிரித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும், எந்த மருந்து இருக்கிறது, எது இல்லை என்று எல்லா ஆஸ்பத்திரிக்கும் சங்கத்து ஆட்கள் சொன்னார்கள். கப்பல் வந்து மருந்து சேரும்வரை அது நடந்தது. அதற்குள் பாம்பு கடித்த சிலர் நேரே கிழக்கே திரும்பி உயிரோடு வீடு வந்தார்கள். மேலிடத்திலிருந்து எனக்கு விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். அதற்கும் பதில் வரவில்லை.

பெருமாளின் கருமாதி முடிந்த பிறகு நாங்கள் நாலு பேர் லெட்சுமியின் வீட்டுக்குப் போனோம். நானும், குணசீலனும், ரிஸ்வானும், பிள்ளைநோய் டொக்டர் மேரி ஸ்ரெல்லாவும். வாகனத்துக்கு எண்ணெய் இல்லை. பஸ்ஸில் போய், இறங்கி, வாய்க்கால் வரம்பால் நடந்தோம். தகரக் கூரை வீடு. இரண்டு பெண்பிள்ளைகள் எங்களைக் கண்டதும் உள்ளே போய்விட்டார்கள். லெட்சுமி அயல் வீட்டிலிருந்து கதிரைகள் வாங்கிவந்து போட்டார். வெறும் தேத்தண்ணி தந்தார். சீனி இல்லை என்று சொல்லி, ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி தந்தார்.

பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

"டொக்டரம்மா, மருந்து இல்லைங்கிறது ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"காணாது எண்டு தெரியும், அம்மா."

"தெரிஞ்சா சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தா நாங்க நேரா அங்கிட்டே போயிருப்போமே."

குணசீலன் கோப்பையைக் கீழே வைத்தார். "சொல்லுறதுக்கு அனுமதி கேட்டிருந்தம், அம்மா. வேணாம், பொறுப்பம் எண்டு சொன்னது நான்தான்."

"யார்கிட்டக் கேட்டீங்க?"

அவர் மேலிடத்தின் பெயரைச் சொன்னார். லெட்சுமிக்கு அந்தப் பெயர் விளங்கவில்லை. விளங்கியதுபோல் தலையை ஆட்டினார். கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. எங்கள் ஒவ்வொருவரையும் எந்த ஊர், பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தார். பிறகு கேட்டார்:

"டொக்டர்மாரெல்லாம் வெளிநாடு போறாங்கன்னு ரேடியோல சொன்னாங்க. நீங்களும் போயிருவீங்களா?"

"இல்லையம்மா," என்று முதலில் சொன்னவர் ரிஸ்வான். "நான் இந்தக் கரையோரத்து ஆள். நான் எங்க போறது?"

ஸ்ரெல்லாவும் இல்லை என்றார். குணசீலனும் இல்லை என்றார். நானும் சொன்னேன். அந்த நேரத்தில் நால்வரும் மனதாரச் சொன்னோம் என்றுதான் நினைக்கிறேன்.

ஸ்ரெல்லா அந்த வருடமே போய்விட்டார். அவருடைய கணவருக்கு நியூசிலாந்தில் வேலை கிடைத்தது. குணசீலன் ஓய்வுக்கு முன்பே விலகி மகனிடம் கனடாவுக்குப் போனார். அங்கே அவர் சத்திரசிகிச்சை செய்ய முடியாது. பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகிறாராம். அவர்களுக்குப் பிறகு இன்னும் சிலர். மாதத்துக்கு ஒரு பிரியாவிடைத் தேநீர் வைத்தோம். பிறகு அதையும் நிறுத்திவிட்டோம், போகிறவர்களுக்கே அது கூச்சமாக இருந்தது.

ரிஸ்வான் போகும் செய்தியை என்னிடம் வந்து நேரில் சொன்னார். நான் அப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். உள்ளே வந்து வெகுநேரம் வேறு கதை கதைத்தார். மகளுக்குப் பல் முளைத்தது, வாப்பாவின் சீனி வருத்தம், வாட்டில் புதிதாக வந்த தாதிமார். பிறகு சொன்னார்.

"மடம், லண்டனுக்குச் சோதனை எடுத்தனான். பாஸ். அடுத்த மாசம்."

"மனுசியோ போகச் சொன்னவ?"

"இல்லை. அவ இருப்பம் எண்டுதான் சொல்றா. நான்தான். ரத்தத்தைக் குழாயில விட்டிட்டு நிக்கேக்க, கை நடுங்குது, மடம். மருந்து இருக்கு எண்டு தெரியும். அலுமாரியைத் திறந்து பாத்திட்டும் வாறன். எண்டாலும் நடுங்குது. நோயாளி அதைப் பாக்கிறார்."

நான் அருமைநாயகமாக இருந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். நான், "அது கொஞ்ச நாளில மாறும்" என்றேன்.

"ஓம், மடம்," என்றார். மரியாதைக்காகச் சொன்ன ஓம்.

அவருடைய தாய் அவரை ஒருமுறை இந்தக் கரையிலிருந்து தூக்கிக்கொண்டு போனவர். இம்முறை அவர் தானே தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். வழியனுப்ப நான் போகவில்லை.

இப்போது நான் கிழமையில் ஒருநாள் நானாட்டானில் ஒரு கோயில் மண்டபத்தில் சனங்களைப் பார்க்கிறேன். பிரஷர், சீனி, புண்ணுக்கு மருந்து கட்டுவது. இரண்டு மாதத்துக்கு முன் லெட்சுமி அங்கே வந்தார். ஆள் மெலிந்திருந்தார். மூத்த மகள் உடுப்புத் தொழிற்சாலையில் வேலைக்குப் போகிறாளாம். நான் பிரஷர் பார்த்து, குளிசை எழுதிக் கொடுத்தேன். அவர் எழும்பவில்லை.

"அன்னிக்கு வந்த டொக்டர்மாரெல்லாம் சொகமா இருக்காங்களா, டொக்டரம்மா?"

"சுகமா இருக்கினம்."

"அந்தச் சின்ன டொக்டரு? எம் புருசன் கூடவே வந்தவரு."

"அவரும் சுகம்."

அவர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். துணியில் கட்டிய பயறு. "வீட்டுப் பின்னால போட்டேன். இந்த வாட்டி நல்லா வந்திருக்கு. அவருகிட்டக் குடுத்திருங்க. அன்னிக்கு அவரு தரையில ஒக்காந்தாரு, உடுப்பெல்லாம் மண்ணாயிருச்சு. நான் ஒரு வார்த்த சொல்லாமயே போயிட்டேன்."

ரிஸ்வான் லண்டனுக்குப் போய்விட்டார் என்று சொல்ல அதுதான் நேரம். வரிசையில் அடுத்தவர் நின்றார். நான் பொட்டலத்தைக் கை நீட்டி வாங்கினேன். "குடுக்கிறன்," என்றேன்.

ரிஸ்வான் பெருநாளுக்கு ஒருமுறை தொலைபேசி எடுப்பார். இந்தமுறை எடுத்தபோது பயற்றைப் பற்றிச் சொல்ல இரண்டுமுறை வாயெடுத்தேன். அவர் அங்கே பெய்யும் பனியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லவில்லை. பொட்டலம் என் குசினியில் இருக்கிறது. சமைக்க மனம் வரவில்லை. போன கிழமை அதில் வண்டு விழுந்திருந்தது. முற்றத்தில் சாக்கு விரித்து வெயிலில் காயப்போட்டு, புடைத்து, அந்தத் துணியிலேயே மறுபடி கட்டி வைத்தேன்.